சேராத தோட்டா: ஆயுதச் சட்டம் குறித்துச் சில குறிப்புகள்

தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் எங்கள் பக்கத்து லைசென்ஸ் துப்பாக்கிகள் எல்லாம் ஸ்டேசனுக்குப் போய்விடும். போன தேர்தலுக்கு என் தாய்மாமனோடு நானும் போயிருந்தேன். மாமா பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். அவரிடம் இருப்பது ஒற்றைக்குழல் துப்பாக்கி. ரைட்டர் பதிவேட்டில் 'பன்னிரண்டு போர்' என்று எழுதிக்கொண்டார். இந்தப் 'போர்' யுத்தமல்ல, குழலின் உள்ளளவு. தமிழ் படித்தவனுக்குத்தான் இந்தக் குழப்பமெல்லாம்.

திரும்பும்போது கேட்டேன், இத்தனை வருசம் ரைபிளைத் தூக்கியவர் ஏன் ரைபிளே வாங்கவில்லை என்று. மாமா சொன்னார்: "மாப்ளே, நான் பழகுன ரைபிளுக்கு லைசென்ஸ் தரமாட்டான். லைசென்ஸ் தர்ற ரைபிள்ல நான் சுட்ட தோட்டா சேராது. சேரக்கூடாதுன்னே அளவெடுத்துச் செஞ்சிருக்கான்."

அந்த 'அளவெடுத்து' என்ற சொல்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

1

நமது வட்டார வரலாறு ஆயுதத்தைப் பற்றி நிறையப் பேசுகிறது. எல்லாம் வாளும் வேலும்தான். தோட்டாவைப் பற்றிப் பேச்சே இல்லை.

கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799 அக்டோபரில். 1801 மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி இரண்டாம் முறையும் விழுந்தது. அந்த டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார்: பாளையங்களின் கோட்டைகள் இடிக்கப்படும், துப்பாக்கியும் ஈட்டியும் ஒப்படைக்கப்பட வேண்டும். கும்பினியார் அன்று பிடுங்க வேண்டியிருந்தது துப்பாக்கியைத்தான். திரித்துப்பாக்கிக்கு அளவு ஒரு பொருட்டல்ல. ஈயத்தை உருக்கிக் குண்டு வார்த்துக்கொள்ளலாம். வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்தால் மருந்து. துப்பாக்கி கையில் இருக்கிறவரை, சுடுவதற்குச் சர்க்காரின் தயவு தேவையில்லை.

1860களில் பித்தளைக்கூட்டுத் தோட்டா வந்தபோது இந்த உறவு தலைகீழானது. குண்டு, மருந்து, பொறி மூன்றும் ஒரே கூட்டுக்குள். அந்தக் கூடு ஆலையில்தான் பிறக்கும். குழலுக்குள் அதற்கென்று வெட்டிய அறையில்தான் உட்காரும். துப்பாக்கி அன்றிலிருந்து தொழிற்சாலையின் அடிமை. இனி குடிமக்களிடம் துப்பாக்கி இருந்தாலும் பரவாயில்லை. எந்தத் தோட்டாவைத் தின்னும் துப்பாக்கி என்பதுதான் கேள்வி. 1801-ல் துப்பாக்கியைப் பிடுங்கினார்கள்; தோட்டாவைப் பிடுங்கியது இதற்கப்புறம். இந்த இரண்டாவது பறிப்பு நம் வரலாற்றெழுத்தில் இடம்பெறவேயில்லை.

2

1857-ல் தோட்டாவின் கொழுப்பு என்ன செய்தது என்பதைப் பள்ளிப்பிள்ளைகளும் சொல்வார்கள். அதற்குப் பின் நடந்ததைச் சொல்வதில்லை. பீரங்கிகள் பெரும்பாலும் வெள்ளைக்காரர் கைக்கு மாறின. இந்தியச் சிப்பாய்க்கு வெள்ளைச் சிப்பாயைவிட ஒரு தலைமுறை பழைய துப்பாக்கி. 1878-ல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் குடிமக்களுக்கு லைசென்ஸைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பியருக்கு விலக்கு உண்டு.

சட்டம் காகிதத்தோடு நிற்கவில்லை, இரும்புக்குள்ளும் போனது. ராணுவத்தின் மார்ட்டினி-ஹென்றி ரைபிளின் குண்டு .450 அங்குலம். அதே அளவு வேட்டைத்துப்பாக்கி வெளியே இருந்தால் தோட்டா கலகக்காரர் கைக்குப் போகும் என்று, 1900களின் தொடக்கத்தில் இந்தியாவிலும் சூடானிலும் .450-ஐத் தடுத்தார்கள். லண்டன் கம்பெனிகள் .465, .470, .475 என்று புது அளவுகளை உண்டாக்கின. புலி வேட்டைக்குப் போன துரையின் துப்பாக்கி அளவையும் கலகபயமே தீர்மானித்தது.

பிறகு வந்தது .303, நம் ஆட்கள் வாயில் 'த்ரீ நாட் த்ரீ'. கூட்டின் நீளம் 56 மில்லிமீட்டர். அதற்குரிய கார்டைட் மருந்தை நம் நீலகிரியின் அருவங்காட்டில் செய்தார்கள். குடிமகனுக்கு அது கிடையாது. அவனுக்காக ஆஸ்திரிய மான்லிக்கரின் 8 மில்லிமீட்டர் தோட்டாவைக் கொண்டுவந்து .315 என்று பெயர் வைத்தார்கள். கூட்டின் நீளம் 50. உடம்பும் தோளும் வேறு வாகு. .303 தோட்டா அந்த அறைக்குள் முழுசாய் உட்காராது. துப்பாக்கியின் பொறியமைப்பு ஏறக்குறைய ராணுவ ரைபிளுடையதுதான். சக்தியிலும் பெரிய குறைச்சலில்லை. வேறுபடுத்தியது வலிமையை அல்ல, பொதுமையை. சேரியின் கிணறும் ஊர்க்கிணறும் போல. தண்ணீர் ஒன்றுதான், வாளி மட்டும் கலக்கக்கூடாது.

தன் போலீஸ்காரனையும் சர்க்கார் நம்பவில்லை. இஷாப்பூரில் பழைய ரைபிள்களைக் கடைந்து, வரியில்லாத .410 மஸ்கட் ஆக்கினார்கள். தோட்டா இருக்க வேண்டிய பெட்டியில் மரக்கட்டை; ஒரு தடவைக்கு ஒரு குண்டு. பறிபோனாலும் அது .303 ரைபிள் ஆகாது.

3

1911 ஜூன் 17, மணியாச்சி. வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கியால். அந்தச் செயலின் அரசியல் குறித்து, குறிப்பாக அதன் சனாதனம் குறித்து, எனக்கு விமர்சனம் உண்டு. இங்கே ஒன்று மட்டும்: உள்ளூரில் எந்த ராணுவத் தோட்டாவும் சேராத நிலையில் துப்பாக்கி கடல்கடந்து வந்தால் தோட்டாவும் கடல்கடந்துதான் வர வேண்டும்.

வெள்ளைக்காரன் போனான், அளவு போகவில்லை. 1959-ல் சுதந்திர இந்தியாவின் ஆயுதச் சட்டம். 1962 விதிகளின் அட்டவணை .303, 7.62 ரைபிள்களைத் தடைசெய்வதோடு நிற்காமல், அந்த ராணுவத் தோட்டாக்களை ஏற்றுச் சுடக்கூடிய வேறெந்த அளவையும் சேர்த்துத் தடைசெய்தது. மஸ்கட்டின் .410-க்கும் அதே கதி. அதாவது குற்றம் பொருளில் இல்லை, பொருந்துவதில் இருக்கிறது. 2016-ல் புது விதிகள் வந்தன. தடைசெய்த அளவு, தடைசெய்யாத அளவு என்ற கோடு நிலைத்துவிட்டது. உத்தரப்பிரதேசப் போலீஸ் 2020 ஜனவரி 26 அணிவகுப்போடு த்ரீ நாட் த்ரீக்கு விடைகொடுத்தது. கிழடு தட்டினாலும் அது குடிமகனிடம் வராது. அதே வடக்கில் கள்ளத்துப்பாக்கி செய்கிறவர்கள், கடையில் கிடைக்கும் .315-க்கென்றே குழல் செய்கிறார்கள். பிரித்துவைத்த தோட்டா தனக்கென்று ஒரு இருட்டுத் தொழிலை உண்டாக்கிக்கொண்டது.

அமெரிக்காவில் கதை வேறு. உலகப்போர்களில் மிஞ்சிய தோட்டாக்கள் பெட்டி பெட்டியாகச் சந்தைக்கு வந்தன. அங்கே கவலையெல்லாம் எந்திரக் கவலை. ராணுவத்தின் 5.56 தோட்டாவும் கடையின் .223 தோட்டாவும் வெளிப்பார்வைக்கு ஒன்று. ஆனால் கடை ரைபிளின் குழல்வாய் குறுகலாக இருந்தால் ராணுவத் தோட்டா அதில் அழுத்தத்தை ஏற்றிவிடும். இன்னொன்று துரு. பழைய ராணுவத் தோட்டாவின் பொறிமருந்தில் பொட்டாசியம் குளோரேட் உண்டு. எங்கள் ஊர் தீப்பெட்டி ஆபீசில் குச்சி முக்குகிற மருந்தில் இருக்கிற அதே குளோரேட்தான். எரிந்தபின் உப்பாகிக் குழலில் தங்கும், காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். வெந்நீர் ஊற்றிக் கழுவ வேண்டும். மாமா உடனே தலையாட்டினார்: "உப்பு எண்ணெயில போகாது, தண்ணியிலதான் போகும்."

4

உடலின்மேல் அதிகாரம் தன்னை எழுதிக்கொள்வதை ஃபூக்கோ பேசினார். இங்கே அது எழுதிக்கொண்டது இரும்பின் உள்வயிற்றில், வெளியே தெரியாத ஆறு மில்லிமீட்டரில்.

தோழர்கள் அவசரப்பட வேண்டாம். எல்லோருக்கும் துப்பாக்கி கொடு என்று நான் கேட்கவில்லை. கொடுத்தால் எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவைப் பார்த்துச் சுடுவார்கள் என்று கரிசல்காட்டில் பிறந்த எவருக்கும் தெரியும். 1995-ல் கொடியங்குளத்தைப் பார்த்தவர்கள் நாம். அங்கே உள்ளே புகுந்தது போலீஸ் என்பதையும் பார்த்தோம். என் கேள்வி வேறு. ஓர் அந்நிய அரசு, 'இந்த ஜனங்கள் என்றைக்காவது என்னைத் திருப்பிச் சுடுவார்கள்' என்ற பயத்தில் வெட்டிய அளவை, நாமே தேர்ந்தெடுத்த அரசு ஒரு விவாதமும் இல்லாமல் ஏன் தன்னுடையதாக்கிக்கொண்டது? தடை நியாயமாகவே இருக்கட்டும். அந்தப் பயம் யாருடையது?

2018 மே 22, 23 தேதிகளில் தூத்துக்குடியில் 13 பேரைப் போலீஸ் சுட்டுக்கொன்றது. ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொன்னவர்கள். அவர்கள் கையில் எந்தப் 'போர்' துப்பாக்கியும் இல்லை. சர்க்கார் தோட்டா நம் குழலில் சேராதபடி நூறு வருசமாக அளவு பார்க்கிறார்கள். நம் உடம்பில் சேருவதற்கு எந்த அளவும் பார்ப்பதில்லை.

தேர்தல் முடிந்து மாமா துப்பாக்கியைத் திரும்ப வாங்கிவந்தார். பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது, ரைட்டருக்குப் பின்னால் சங்கிலி போட்டுச் சாத்தியிருந்த ரைபிள்களைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டத் தெரியும்.