பிறநாட்டுப் பழங்காசும் மாற்றறியும் முறையும்

திருக்குடமுழுக்குத் திருப்பணிக்கென அன்பர்கள் அளிக்கும் பொருள்களுள், முன்னோர் கடல்கடந்து ஈட்டிய காசுகளும் இடம்பெறுதல் உண்டு. சில ஆண்டுகட்கு முன் மூதாட்டியார் ஒருவர், கப்பற்பணி புரிந்து மறைந்த தம் கணவர் வைத்துச்சென்ற ஆங்கில ஷில்லிங்குகளை முடிப்பாகக் கொணர்ந்து, "இவ்வெள்ளியை உருக்கிச் சுவாமி கவசத்திற்குச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றார். அவை 1947ஆம் ஆண்டுக் காசுகள். அவற்றில் வெள்ளியே இல்லை என்பதை அவ்வம்மையாரிடம் உரைக்க யாம் பெரிதும் தயங்கினோம்.

ஷில்லிங் 1919 வரை ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி உடையது. 1920 முதல் 500 பங்கே உடையது. 1947 முதல் செம்பும் நிக்கலும் கலந்தது. 1946ஆம் ஆண்டுக் காசிலும் 1947ஆம் ஆண்டுக் காசிலும் ஆறாம் ஜார்ஜ் மன்னர் முகமே உள்ளது. எடையும் ஏறத்தாழ 5.66 கிராமே. ஆகவே முகமும் நிறமும் எடையும் மாற்றுக்குச் சான்றாகா.

ரோமப் பேரரசின் வரலாறும் இதனையே காட்டும். அகஸ்டஸ் காலத்துத் தினாரியஸ் ஏறக்குறையத் தூய வெள்ளி. நீரோ மன்னன் கி.பி. 64இல் அதன் எடையையும் மாற்றையும் குறைத்தான். மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரோம வெள்ளிக்காசு வெள்ளிப்பூச்சிட்ட செம்பாகவே ஆயிற்று. தமிழகத்துப் புதையல்களிற் கிடைத்த ரோம வெள்ளிக்காசுகளுட் பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் ஆகியோர் வெளியிட்டவை. பிற்காலத்தவை மிகச் சில. நம் பண்டை வணிகர் அரசன் பெயரினும் காசின் மாற்றையே மதித்தனர் என்று கருத இஃது இடந்தருகின்றது.

மாற்றறிய உரைகல் பழைய கருவி. எனினும் அது மேற்புறத்தையே காட்டும். காசையும் சிறிது தேய்க்கும். ஊறின்றி அறியும் வழி, கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் பெயரால் வழங்குவது. காசை முதலில் வறிதே நிறுத்து, பின் மெல்லிய நூலிற் கட்டி நீரில் முழுதும் அமிழத் தொங்கவிட்டு நிறுத்தல் வேண்டும். முதல் எடையை, நீரிற் குறைந்த எடையால் வகுத்தால் அடர்த்தி கிட்டும். அது தூய பொன்னுக்கு 19.3, வெள்ளிக்கு 10.5, செம்புக்கு 8.9. பழைய வெள்ளி ஷில்லிங் நீரில் ஏறத்தாழ 0.55 கிராம் குறையும். 1947ஆம் ஆண்டுக் காசோ 0.63 கிராம் குறையும். டங்ஸ்டன் என்னும் உலோகம் அடர்த்தியிற் பொன்னை ஒத்தலின், ஐயமுள்ள பொற்காசை எக்ஸ் கதிர்க் கருவியாலும் ஆய்தல் நன்று. அக்கருவியும் மேற்பரப்பையே காணுமாதலின், இரு சோதனையும் ஒருங்கே வேண்டும்.

அன்பர்கள் பழங்காசை ஆராயாது உருக்கற்க. புளியிட்டுத் துலக்கவும் வேண்டா. மண்ணிற் கிடைத்த புதையலாயின், 1878ஆம் ஆண்டுப் புதையற் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் கடமையாகும்.

யாம் உரைத்தது கேட்ட அம்மையார் சிறிது நேரம் வாளாவிருந்தார். பின், "சுவாமிக்கென்று வைத்தது சுவாமிக்கே ஆகட்டும்" என்று முடிப்பை நீட்டினார். கோயிற் கணக்கில் அவை செம்பு நிக்கற் காசுகள் என்றே வரவு வைக்கப்பெற்றன. மாற்றை மிகுத்தெழுதுதல் கணக்குக்கு இழுக்கு. உள்ளதை உள்ளவாறு எழுதியதனால் அவ்வம்மையாரின் அன்புக்கு யாதொரு குறையும் இல்லை.