நிறுவல் கலையில் கண்ணாடி

ஓர் இடம் முழுவதையும் கலைப்படைப்பாக அமைப்பது நிறுவல் கலை. அதில் இடத்தின் அளவையும் பார்வையாளரின் இருப்பையும் மாற்றிக்காட்டக் கண்ணாடி பயன்படுகிறது. சுவரில் மாட்டிய ஓவியத்தை எட்ட நின்று பார்க்கலாம். கண்ணாடி அமைப்புக்குள் நுழைபவரோ தாமும் அதில் ஓர் உருவமாகிவிடுகிறார்.

இந்த மாயத்தோற்றத்துக்கு அடிப்படை பிம்பங்களின் பெருக்கம். இரண்டு சமதள ஆடிகளை 60 பாகைக் கோணத்தில் வைத்தால் ஒரு பொருளுக்கு 5 பிம்பங்கள் கிடைக்கும். இணையாக எதிரெதிரே வைத்தால் பிம்பத்துக்குள் பிம்பமாக வரிசை நீளும். ஒவ்வொரு எதிரொளிப்பிலும் ஒளி சிறிது குறைவதால் தொலைவில் உள்ளவை மங்கும். கண்ணாடியிலுள்ள இரும்புக் கலப்பால் அவற்றில் இளம்பச்சையும் படரும்.

தமிழ்நாட்டில் இதன் முன்வடிவங்களைக் கோயில்களில் காணலாம். காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயில் கண்ணாடி அறையில், ருத்ராட்ச மணிகளாலான சிவ வடிவம் எண்ணற்ற பிம்பங்களாகத் தெரிகிறது. ஸ்ரீரங்கத்தில் விழாக் காலங்களில் உற்சவர் நம்பெருமாள் கண்ணாடி அறையில் எழுந்தருளுகிறார். இவ்விரண்டிலும் பெருகுவது இறையுருவம். 19ஆம் நூற்றாண்டில் அய்யா வைகுண்டர் வழியில் உருவான, பதிகள் எனப்படும் கோயில்களிலோ கண்ணாடியே வழிபாட்டிடத்தில் இருக்கிறது. வணங்குபவர் அதில் தம்மையே காண்கிறார். கேரளத்தின் களவங்கோட்டில் ஸ்ரீநாராயண குரு 1927இல் கண்ணாடியையே பிரதிட்டை செய்தார்.

நவீனக் கலையில் பார்வையாளரே படைப்பின் மூலப்பொருளாகிறார். ஜப்பானியக் கலைஞர் யாயோய் குசாமா 1965இல் நியூயார்க்கில் தம் முதல் முடிவிலிக் கண்ணாடி அறையை அமைத்தார். லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் 2003இல் ஓலாஃபர் எலியாசன் கூரையில் கண்ணாடி பதித்து, விளக்குகளாலான அரைவட்டத்தை முழுச் சூரியனாகக் காட்டினார். மக்கள் தரையில் படுத்து, மேலே தம் உருவங்களைத் தேடினர்.

மும்பையில் பிறந்த அனிஷ் கபூரின் ‘கிளவுட் கேட்’ சிகாகோவில் 2006இல் நிறைவுற்றது. துருப்பிடிக்காத எஃகுத் தகடுகள் 168ஐப் பற்றவைத்து, இணைப்பு தெரியாமல் மெருகேற்றிய சிற்பம் இது. உயரம் சுமார் 10 மீட்டர். குவிந்த வெளிப்புறத்தில் வானமும் கட்டடங்களும் வளைந்து சுருங்குகின்றன. அடியில் குழிந்த பகுதியில் நின்று அண்ணாந்தால் ஒருவரே பலராக நெளிந்து தெரிவார்.

இத்தகைய படைப்புகளைப் பேணுவது கடினம். தூசியோ கைரேகையோ கண்ணாடியின் பரப்பைக் காட்டிக்கொடுத்தால் ஆழத் தோற்றம் கலைந்துவிடும். எனவே இணைப்புகளை மறைப்பதும் ஒளியைக் கட்டுப்படுத்துவதும் பரப்பை அடிக்கடி துடைப்பதும் வடிவமைப்பின் பகுதியாகவே கருதப்படுகின்றன.