விற்காதே, வாடகைக்கு விடாதே, இடிக்காதே

ஜப்பானில் கிஃபு மாநிலத்து மலைக்குள்ளே சிரகவாகோ என்று ஒரு இடம். அங்கே ஓகிமாச்சி கிராமம். கும்பிடுகிற கைகள் மாதிரி கூம்பின வைக்கோல் நிறக் கூரைகள், பனி மூடின படமாகக் காலண்டரில் பார்த்திருப்பீங்க. நான் போனது மலையெல்லாம் சிவந்து கிடக்கிற இலையுதிர்காலத்தில். படம் எல்லாரும்தான் போடுறாங்க, அதனால இங்கே சரித்திரம் மட்டும் :-)

அந்தக் கூரை அழகுக்காகக் கட்டினது இல்லை. 60 டிகிரி அளவுக்குச் சரிவு இருந்தால்தான் பனி வழுக்கி விழும். கூரைக்குள்ளே அடுக்கடுக்காய்ப் பரண், அதில் பட்டுப்புழு வளர்த்தார்கள். தரைக்குக் கீழே இன்னும் சுவாரசியம்! குழியில் மண்ணையும் புல்லையும் பட்டுப்புழு எச்சத்தையும் கலந்து, வருஷக்கணக்கில் மக்கவிட்டு வெடியுப்பு எடுத்தார்கள். துப்பாக்கி மருந்துக்கு. நெல்வயல் குறைவான ஊருக்கு இந்த ரெண்டும்தான் சோறு போட்டது. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் வெளிநாட்டு வெடியுப்பு மலிவாக வந்து இறங்க, ஒண்ணு படுத்துவிட்டது. பிறகு பட்டும் போச்சு.

அடுத்த அடி மிபோரோ அணை. 131 மீட்டர் உயரம், 1961-ல் கட்டி முடித்தார்கள். ஆற்றின் மேல்பக்கத்துக் கிராமங்கள் முழுகின. அங்கிருந்த ஒரு பெரிய வீட்டைப் பிரித்து, யோகோஹாமாவில் ஒரு தோட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். வீடு பிழைத்தது, ஊர் பிழைக்கவில்லை.

ஓகிமாச்சிக்காரங்க உஷாரானது இதையெல்லாம் பார்த்துத்தான். 1971-ல் ஊர் கூடி மூணே விதி போட்டாங்க: விற்காதே, வாடகைக்கு விடாதே, இடிக்காதே. 1976-ல் அரசாங்கப் பாதுகாப்பு, 1995-ல் யுனெஸ்கோ. ரெண்டுமே அந்த முடிவுக்கு அப்புறம் வந்ததுதான்.

விதி மட்டும் கூரையைத் தாங்காதே. முப்பது நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை மாற்றி வேயணும். அதற்கான நாணலை அறுக்கிறது இந்த இலையுதிர்காலத்தின் கடைசியில்தான். வேய்கிற நாளில் நூறு பேருக்கு மேல் கூரையில் ஏறுவார்கள். இதற்குப் பேர் 'யுயி'. உன் வீட்டுக்கு நான், என் வீட்டுக்கு நீ. யார் எத்தனை ஆள் அனுப்பினார், எவ்வளவு கயிறு கொடுத்தார் என்று எழுதிவைத்த பழைய கணக்குகூட உண்டு. கிட்டத்தட்ட மொய் நோட்டு!

வீட்டை விற்கக் கூடாதுன்னு விதி போடலாம். பிள்ளைகள் நகரத்துக்குப் போகக் கூடாதுன்னு போட முடியுமா? கூரையில் ஏற ஆள் குறையக் குறைய இதுதான் அங்கே பெரிய கவலை.

போறவங்க முடிஞ்சா ஒரு ராத்திரி தங்குங்க. கடைசி பஸ் கிளம்பினப்புறம்தான் அது கிராமமாக இருக்கு.