மேற்பார்வையின் கீழ் ஆற்றுப்பணி

மனநலப் பணியில் மேற்பார்வை என்பது குற்றங்காணும் அதிகாரமன்று. பணியாளர் தம் பணியை மூத்தவர் ஒருவர் முன் வைத்துக் கற்கும் ஒழுங்காகும். 1920இல் பெர்லினில் தொடங்கப்பெற்ற உளப்பகுப்பாய்வு நிலையத்தில் மாக்ஸ் ஐட்டிங்கனும் துணைவரும் இதனைப் பயிற்சியின் அங்கமாக்கினர். 1925இல் அமெரிக்காவின் வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில், தாமே மனநோயுற்று மீண்ட போதகர் ஆன்டன் பாய்சன் இறையியல் மாணவரை நோயாளரிடையே பயிற்றுவித்தார். பின்னர் ரசல் டிக்ஸ், உரையாடலை நினைவிலிருந்து எழுதி ஆசிரியரோடு ஆராயும் முறையை வளர்த்தார்.

நமது பகுதியில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957இல் டாக்டர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸின் முயற்சியால் பாகாயத்தில் எழுந்தது. அங்கே நோயாளரோடு உறவினரும் தங்கினர். குடும்பமே சிகிச்சையில் பங்குகொண்டது. குடும்பத்தின் நடுவே நிற்கும் பணியாளர் தம்மையறியாமல் ஒரு பக்கம் சாய்ந்துவிடுதல் எளிது. அதனைச் சுட்டிக்காட்ட மற்றொருவர் வேண்டும்.

ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிலாளர் இல்லங்களில் கடனையும் குடியையும் பற்றிய துயரங்களை ஆயர் தனித்தே கேட்கிறார். தற்கொலை எண்ணத்தோடு வருபவரை ஜெபத்தோடு மட்டும் அனுப்பிவிடுதலும், அச்சுமையை ஒருவராகவே ஏற்றலும் ஒருங்கே ஆபத்தானவை. அத்தகையவரை மருத்துவரிடம் சேர்ப்பித்தல் முதற்கடன். அதனோடு, ஆயர் சிலர் மாதந்தோறும் பயிற்சி பெற்ற ஒருவர் முன் கூடி, பெயர் குறிப்பிடாது தம் உரையாடல்களை ஆராய்வார்களாயின், அம்மக்களும் ஆயரும் ஒருங்கே காக்கப்படுவர்.