மூன்று பேர், பேஸ் இல்லை: ஹவுண்ட் டோக் டெய்லரை யார் எப்படிக் கேட்டார்கள்

போன மாதம் எங்கட போடிங் அறையில ஆறு பேர் சேர்ந்து ஒரு பழைய ப்ளூஸ் அல்பத்தைக் கேட்டோம். 1971இல் சிக்காகோவில் வெளிவந்த 'ஹவுண்ட் டோக் டெய்லர் அண்ட் த ஹவுஸ்றொக்கர்ஸ்'. முதல் பாட்டு முடிய முன்னமே சண்டை தொடங்கிவிட்டது. எங்களில் சங்கீதம் படித்த ஒருத்தி, "கிற்றார் சுருதியே சேரேல்ல, உதை ஆர் றெக்கோட் பண்ணினது?" என்று கேட்டாள். றொக் கேட்கிற ஒருவன் அதற்குள் எழும்பி நின்று ஆடத் தொடங்கியிருந்தான். "எல்லாப் பாட்டும் ஒரே பாட்டு மாதிரிக் கிடக்கு" என்றான் இன்னொருவன். "அதுதானே நல்லம்" என்றான் ஆடிக்கொண்டிருந்தவன். கடைசியில் எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே சொல் "பச்சை". பூச்சு இல்லாத, பச்சையான இசை.

இந்தக் கட்டுரையையும் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் எழுத இருந்தோம். (பச்சையாகக் கதைக்கிறது என்றால் எங்கட ஊரில் வேறு அர்த்தமும் இருக்கிறது, அதுவும் டெய்லருக்குப் பொருந்தும்.) ஆனால் அவருடைய கதையைத் தேடி வாசிக்க வாசிக்க, நாங்கள் பாராட்டாகச் சொன்ன சொல்லே எங்களுக்கு இடறத் தொடங்கியது.

தியடோர் ரூஸ்வெல்ற் டெய்லர் மிசிசிப்பி மாநிலத்தின் நாட்செஸ் ஊரில் பிறந்தவர். பிறந்த ஆண்டு 1915 என்பார்கள், 1917 என்பவர்களும் உண்டு. பிறக்கும்போதே இரண்டு கையிலும் ஆறாறு விரல். வலது கையில் இருந்த மேலதிக விரலை ஒருநாள் வெறியில் தானே சவர அலகால் வெட்டி எறிந்ததாக அவர் சொல்லுவார். இடது கையின் ஆறாவது விரல் கடைசிவரை இருந்தது. அவரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் இந்த விரல் கதையோடு தொடங்குவார்கள், இப்ப நாங்களும்தான். வாசிப்பவருக்குச் சுவையாக இருக்கும், ஆனால் ஆளைப் பற்றிய ஒரு படத்தையும் அது முதலே வரைந்துவிடும்: குடிகாரன், முரடன், யோசிக்காதவன். பிறகு அந்த மனிதர் என்ன வாசித்தாலும் "அவருக்கு இயல்பாக வந்தது" என்று சொல்லிவிடலாம்.

1942இல் அவர் மிசிசிப்பியை விட்டு ஓடினார். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியுடன் இருந்த உறவு வெளியில் தெரியவந்து, கு குளுக்ஸ் கிளான் ஆட்கள் தன் வீட்டுக்கு முன்னால் சிலுவையைக் கொளுத்தினார்கள் என்றும், தான் வடிகாலுக்குள் ஒளிந்திருந்து தப்பினேன் என்றும் அவர் பின்னாளில் சொன்னார். போய்ச் சேர்ந்த இடம் சிக்காகோ. 1910களிலிருந்து 1970 வரை தெற்கு மாநிலங்களை விட்டு வடக்கு, மேற்கு நகரங்களுக்குப் போன ஏறத்தாழ 60 இலட்சம் கறுப்பின மக்களில் இவரும் ஒருவர். சிக்காகோவில் அவர்களில் பெரும்பாலானோர் நகரின் தெற்குப் பக்கத்தில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். வேறு பக்கங்களில் வீடு கொடுக்க மாட்டார்கள்.

டெய்லர் பகலில் தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கு மரக்கூடு செய்யும் தொழிற்சாலையில் வேலை. இரவில் சின்னச் சின்ன பார்களில் கிற்றார். மாக்ஸ்வெல் வீதிச் சந்தையிலும் வாசித்திருக்கிறார். 1957 அளவில்தான் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இசைக்கு வந்தார். அப்போது வயது நாற்பது தாண்டிவிட்டது. முதல் அல்பம் வர இன்னும் 14 வருடம்.

அவர் வாசித்த முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கட ஊர்க் கோட்டுவாத்தியத்தில் ஒரு கட்டையைத் தந்தியின் மேல் வழுக்கவிட்டு வாசிப்பார்கள். ஸ்லைட் கிற்றாரும் அடிப்படையில் அதே சங்கதிதான். டெய்லர் விரலில் போட்டது உலோகக் குழாய்த் துண்டு. சமையலறை நாற்காலியின் காலில் இருந்து வெட்டியது என்பார்கள். ஸ்லைடை வழுக்கவிடும்போது சுரம் ஒரு இடத்தில் நிற்காமல் இரண்டு சுரத்துக்கு இடையிலேயும் போய்வரும். எங்கட சங்கீதத் தோழி "சேரேல்ல" என்று சொன்னதில் பாதி இதுதான். மற்றப் பாதி கருவிகள். ஜப்பானில் செய்த மலிவுக் கிற்றார், சியர்ஸ் கம்பனியின் சில்வர்டோன் அம்ப்ளிஃபையர், அதில் கிழிந்த ஸ்பீக்கர். சியர்ஸ் என்றால் அந்தக் காலத்தில் தபாலில் விலைப்பட்டியல் அனுப்பி, காசு கட்டினால் சாமானை வீட்டுக்கே அனுப்பிவந்த நிறுவனம். தெற்கில் கடைக்குப் போனால் வெள்ளைக்காரரெல்லாம் வாங்கி முடியும்வரை ஓரமாக நிற்க வேண்டிய கறுப்பின மக்களுக்கு அந்தப் பட்டியல் பெரிய ஆறுதல். அந்த அம்ப்ளிஃபையரை உச்சத்துக்குத் திருப்பினால் சத்தம் உடைந்து கரகரக்கும். வாத்தியக் கடைக்காரர் அதைப் பழுது என்பார். டெய்லருக்கு அது தன் குரலின் பாதி.

குழுவில் மொத்தம் மூன்று பேர். பேஸ் கிற்றார் இல்லை. இரண்டாவது கிற்றார்க்காரர் ப்ரூவர் ஃபிலிப்ஸ் சாதாரணக் கிற்றாரின் கீழ்த் தந்திகளிலேயே பேஸுக்குரிய ஓட்டத்தை வாசிப்பார். டெய்லர் பாட மட்டும் செய்கிற இடங்களில் திடீரென்று மேலே ஏறித் தனி வாசிப்பு. பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி கீழே இறங்கிவிடுவார். ட்ரம்ஸ் ரெட் ஹார்வி, சுவிங்கம் சப்பிக்கொண்டே அடிப்பவர். ஏன் பேஸ் இல்லை? மூன்று பேர் என்றால் இரவுச் சம்பளத்தை மூன்றாகப் பிரித்தால் போதும். இது எங்கட ஊகம்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் இவர்கள் தெற்குப் பக்கத்தில் ஃப்ளோரன்ஸ் என்ற பாரில் வாசிப்பார்கள். டெய்லர் மடிப்புக் கதிரையில் இருப்பார். நடுநடுவே பகிடி சொல்லத் தொடங்குவார், முடிக்க முன்னம் தானே சிரித்து, கையால் வாயைப் பொத்திக்கொள்வார். பகிடி முடிவதேயில்லை. கிழமை முழுக்க வேலை செய்த ஆட்கள் முன்னால் நெருக்கமாக நின்று ஆடுவார்கள். அங்கே வந்துபோன இளைஞர்களில் ஒருவர் ப்ரூஸ் இக்லவர். வெள்ளையர், 23 வயது, 1970இல் சிக்காகோவுக்கு வந்து டெல்மார்க் என்ற சின்ன இசைத்தட்டு நிறுவனத்தில் பொதிகளைக் கட்டி அனுப்பும் வேலை. இவர்களைப் பதிவு செய்யுங்கள் என்று தன் முதலாளி பொப் கோஸ்டரைக் கேட்டார். கோஸ்டர் சம்மதிக்கவில்லை. சும்மா ஒரு வியாபாரி சொன்ன மறுப்பு என்று இதைத் தள்ளிவிட முடியாது. 1965இல் ஜூனியர் வெல்ஸின் 'ஹூடூ மேன் ப்ளூஸ்' அல்பத்தை வெளியிட்டு, சிக்காகோ பார்களின் இசையை நீண்ட இசைத்தட்டில் கேட்கவைத்தவர் அவர். கரகரப்புக்குப் பயந்த ஆள் இல்லை. அப்படிப்பட்ட காதுக்கும் டெய்லர் எட்டவில்லை.

இக்லவர் தனக்கு வந்த 2500 டொலர் முதுசக் காசை எடுத்தார். இரண்டு இரவு ஸ்டூடியோவில், மூவரும் ஒரே அறையில், பாரில் வாசிக்கிற அதே அம்ப்ளிஃபையர்கள், அதே சத்தம். இப்படித்தான் அல்லிகேற்றர் றெக்கோட்ஸ் தொடங்கியது. 1000 பிரதிகள் அச்சடித்து, காரில் போட்டுக்கொண்டு வானொலி நிலையம் நிலையமாகப் போனார்.

அந்த வருடங்களில் ப்ளூஸை யார் கேட்டார்கள் என்று பார்த்தால்தான் கருத்துகள் ஏன் அப்படிப் பிரிந்தன என்று விளங்கும். கறுப்பின இளைஞர்களில் கனபேர் சோலுக்கும் மோட்டவுனுக்கும் போய்விட்டார்கள். பி.பி. கிங்கின் 'த த்ரில் இஸ் கோன்' 1970இல் வயலின்களோடு பெரிய வெற்றி. அது அலசி மடித்த வெள்ளைச் சட்டை மாதிரி ஒரு ப்ளூஸ். இன்னொரு பக்கம் 1960களில் ப்ளூஸைக் கண்டுபிடித்த வெள்ளை இரசிகர்கள். அவர்களில் பலருக்கு உண்மையான ப்ளூஸ் என்றால் மிசிசிப்பிக் கிழவர் ஒருவர், மின்சாரம் இல்லாத கிற்றார், சோகம். 1968இல் மடி வோட்டர்ஸின் 'எலெக்ரிக் மட்' வந்தபோது, றொக் இரசிகர்களைப் பிடிக்கச் செய்த கலப்படம் என்று விமர்சகர்கள் அதைக் கிழித்துப்போட்டார்கள்.

டெய்லர் இந்த இரண்டு பக்கத்துக்கும் பிடிபடவில்லை. வயலினும் இல்லை, சோகக் கிழவரும் இல்லை. எல்மோர் ஜேம்ஸின் ஸ்லைடையே திரும்பத் திரும்ப வாசிக்கிறார், பிசகாக வாசிக்கிறார், பேஸ் கூட இல்லை என்றார்கள் ஒரு சாரார். சிக்காகோவிலேயே அவரைவிடத் திறமான கிற்றார்க்காரர் பத்துப் பேரைக் காட்டலாம். அது பொய்யும் இல்லை. மற்ற சாரார் அதே குறைகளை எடுத்து அப்படியே மாலையாகக் கட்டிப் போட்டார்கள்: கரகரப்பு உண்மை, பிசகு உண்மை, சத்தம் சந்தோஷம். பங்க் வந்த பிறகு ரமோன்ஸ் குழுவோடு ஒப்பிட்டும் பேசினார்கள். டெய்லரே இந்தச் சண்டையை முன்கூட்டிக் கேட்டவர் மாதிரி, தான் செத்த பிறகு, அவனுக்கு வாசிக்கத் தெரியாது, ஆனாலும் கேட்க நல்லாயிருந்தது என்றுதான் சொல்லுவார்கள் என்று பகிடி விட்டிருக்கிறார். அவர் சொன்னதில் ஒரு கெட்ட வார்த்தையும் இருந்தது.

இந்தப் பகிடியை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எங்களுக்கு அதிலேதான் சந்தேகம் வந்தது. ஏசியவர்களும் புகழ்ந்தவர்களும் ஒரு விசயத்தில் ஒற்றுமை: இந்த ஆளுக்கு வாசிக்கத் தெரியாது. ஒருவருக்கு அது குற்றம், மற்றவருக்கு அழகு, அவ்வளவுதான் வித்தியாசம். "பச்சை" என்று சொன்னபோது நாங்களும் அதைத்தான் சொல்லியிருக்கிறோம். பச்சை என்றால் யாரும் சமைக்காதது.

ஆனால் யாரோ சமைத்திருக்கிறார்களே. ஃப்ரெடி கிங் 1961இல் பெரிய வெற்றி பெற்ற 'ஹைட் அவே' வாத்தியப் பாட்டின் மெட்டை டெய்லரின் வாசிப்பிலிருந்து எடுத்ததாகச் சொன்னவர். இன்றைக்கும் கிற்றார் பழகுகிற பெடியள் வாசித்துப் பார்க்கிற பாட்டு அது. ப்ரூவர் ஃபிலிப்ஸ் மெம்ஃபிஸ் மின்னி என்ற பெரிய கலைஞரிடம் பழகியவர். ரெட் ஹார்வி எல்மோர் ஜேம்ஸுக்கே ட்ரம்ஸ் அடித்தவர். மூன்று பேருமாக வருடக்கணக்காகக் கிழமைக்குப் பல இரவு வாசித்து, யார் எங்கே ஏறுவார், யார் எங்கே விடுவார் என்று கண்ணை மூடிக்கொண்டு தெரிந்து வைத்திருந்தார்கள். பேஸ் இல்லாத குழு மூன்று மணித்தியாலம் ஆட்களை ஆடவைப்பதென்றால் தாளம் ஒரு மயிரிழை தளரக் கூடாது. இரண்டாம் தரம் அல்பத்தைக் கேட்டபோது நாங்கள் பாட்டை விட்டுவிட்டு ஃபிலிப்ஸை மட்டும் பின்தொடர்ந்தோம். சங்கீதத் தோழிதான் முதலில் பிடித்தாள்: "உந்தாள் சும்மா அடிக்கேல்ல. டெய்லர் எங்க இடம் விடுறாரோ அங்க மட்டும்தான் வாறார்." சுருதி சேரேல்ல என்ற கருத்தை அவள் இன்றுவரை மாற்றவில்லை. அது அவளுடைய உரிமை.

இக்லவரையும் இந்த இடத்தில் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். அவர் இல்லாவிட்டால் இந்த அல்பம் இல்லை. நேசித்துத்தான் செய்தார், சந்தேகமில்லை. ஆனால் பதிவு செய்தவரும் அவர், விற்றவரும் அவர். 1970இல் 'லிவிங் ப்ளூஸ்' சஞ்சிகையைத் தொடங்கியவர்களிலும் ஒருவர். கிழிந்த ஸ்பீக்கர், ஆறு விரல், நாற்காலிக் கால் எல்லாம் உலகம் முழுக்கப் போனது பெரும்பாலும் அவர் எழுதியதாலும் சொன்னதாலும்தான். முரட்டுத்தனம் அல்லிகேற்றரின் வியாபாரக் குறியாகவே மாறியது. ஃப்ளோரன்ஸில் ஆடியவர்களுக்கு அது முரட்டுத்தனமாகப் பட்டிருக்குமா? அவர்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

அல்பத்துக்குப் பிறகு டெய்லருக்குக் கிடைத்தது நாலே வருடம். கல்லூரிகள், திருவிழாக்கள், 1975இல் அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும். 1974இல் இரண்டாவது அல்பம் 'நச்சுரல் பூகி'. 1975இல் ஒரு வாக்குவாதத்தில் டெய்லர் ஃபிலிப்ஸைத் துவக்கால் சுட்டார். ஃபிலிப்ஸ் காயத்தோடு தப்பினார். வழக்கு விசாரணைக்கு வர முன்னம் டெய்லர் நுரையீரல் புற்றுநோயில் விழுந்தார். ஃபிலிப்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போய் அவரைப் பார்த்து மன்னித்தார். 1975 டிசம்பர் 17இல் டெய்லர் இறந்தார். "பச்சையான மனிதர்" என்று இந்தக் கதையையும் சிலர் இரசித்து எழுதுகிறார்கள். சுடப்பட்டவரின் பக்கத்தில் இருந்து வாசித்தால் அதில் இரசிக்க ஒன்றும் இல்லை.

அவர் இறந்த பிறகு வந்த நேரடி நிகழ்ச்சி அல்பம் 'பிவெயர் ஒஃப் த டோக்'. அதில் ஆட்களின் கைதட்டும் கூச்சலும் நல்லாகக் கேட்கும். அதையும் அன்றைக்கே போட்டோம். எங்கட அறையே அந்தக் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டது, கீழ் வீட்டு அன்ரி மேலே வந்து கதவைத் தட்டும்வரை. பிறகுதான் அது எங்கே பதிவானது என்று பார்த்தோம். ஒரு பகுதி சிக்காகோவுக்கு வடக்கே நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகம், மற்றது கிளீவ்லாந்து நகரில் ஒரு களியாட்டச் சாலை. அந்தத் தட்டில் கத்துகிறவர்களில் ஒரு பகுதியினர் எங்களைப் போலப் பல்கலைக்கழகப் பிள்ளைகள். ஃப்ளோரன்ஸில் ஞாயிறு ஞாயிறாக ஆடியவர்களின் சத்தம் அதில் இல்லை.