நல்ல ஒலி பெரியவர்களோடு முடிந்துவிடுமா?

எனக்குத் தெரிந்தவரையில், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தரமான ஸ்டீரியோ செட் வைத்திருப்பவர்கள் அநேகமாக அறுபது வயதைக் கடந்தவர்கள். அவர்களுக்குப் பிறகு அந்த அம்ப்ளிபயர்களும் இசைத்தட்டுகளும் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும் என்ற கவலை அவர்களிடம் இருக்கிறது. இன்றைய பிள்ளைகளுக்கு இசையில் நாட்டமில்லை என்று அவர்கள் சொல்வதை மட்டும் நான் ஏற்பதில்லை. காலி வீதியில் பஸ் ஏறினால் எத்தனையோ இளையோரின் காதில் இயர்போன் இருக்கிறது. அவர்கள் பாட்டுக் கேட்கிறார்கள். நல்ல ஒலியில் கேட்கும் வாய்ப்புத்தான் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

கூடியிருந்து கேட்பது இந்த நகரத்துக்குப் புதியதல்ல. கொழும்பு வானொலி 1925 டிசம்பர் 16 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. பின்னாளில் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவைக்குக் கடல் கடந்து தமிழ்நாட்டிலும் நேயர்கள் இருந்தார்கள். வீட்டில் ஒரு வானொலிப் பெட்டி, அதைச் சுற்றி முழுக் குடும்பம். 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்த பிறகு, மத்திய கிழக்கில் வேலை செய்து திரும்பியவர்கள் ஜப்பானிய செட்களைக் கொண்டுவந்தார்கள். இன்றைய பெரியவர்களில் பலருக்கு இந்த விருப்பம் பிடித்தது அந்தக் காலத்தில்தான்.

விலை ஒரு உண்மையான தடை. 2022 இன் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், சில மாதங்களில் 360 ரூபாவை அண்மித்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவரிடம் வெளிநாட்டு ஸ்பீக்கர் வாங்கு என்று சொல்வதில் அர்த்தமில்லை.

ஆனால் ஒரு விடயம் முன்னைவிட மலிந்திருக்கிறது. இறுவட்டில் விநாடிக்கு 1,411 கிலோபிட் ஒலித்தரவு உண்டு. எம்பி3 கோப்பில் அதிகபட்சம் 320. இறுவட்டின் தரத்தை, எதையும் இழக்காமல், கைத்தொலைபேசியிலேயே தரும் சேவைகள் இன்று உள்ளன. அப்பிள் மியூசிக் 2021 இல் மேலதிகக் கட்டணமின்றி இதை ஆரம்பித்தது. புளூடூத் வழியே அனுப்பினால் ஒலி பெரும்பாலும் மீண்டும் சுருக்கப்படும். ஆகவே முதல் முதலீடு ஒரு சிறிய யூஎஸ்பி டாக் கருவியும் வயர் உள்ள நல்ல இயர்போனும் ஆகலாம். தொலைபேசியின் இலக்கத் தரவை மின்னலையாக மாற்றுவது அந்தக் கருவியின் வேலை.

பழைய வடிவங்களிலும் இளையோருக்கு வெறுப்பில்லை. அமெரிக்காவில் 2022 இல் 4 கோடியே 10 இலட்சம் இசைத்தட்டுகள் விற்றன. இறுவட்டுகள் 3 கோடியே 30 இலட்சம். 1987 க்குப் பிறகு எண்ணிக்கையில் இசைத்தட்டு முந்தியது அதுவே முதல் தடவை.

செட் வாங்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். தொடர்மாடி வீட்டின் டைல்ஸ் தரையும் வெறுஞ்சுவரும் ஒலியைத் திருப்பி அடிக்கும். ஒரு கம்பளம், கனமான திரைச்சீலை, நிறைந்த புத்தக அலுமாரி ஆகியவை புதிய அம்ப்ளிபயரைவிடக் கூடுதல் பயன் தரலாம். இரண்டு ஸ்பீக்கர்களுக்கிடையே சுமார் 2 மீற்றர் இடைவெளி விட்டு, கேட்பவர் ஒவ்வொன்றிலிருந்தும் அதே தூரத்தில் அமர வேண்டும். சுவரோடு ஒட்டி வைத்தால் பேஸ் மட்டும் முழங்கும். பக்கத்து வீட்டாரும் கதவைத் தட்டுவார்கள்.

பழைய செட் வாங்குவதானால் ஸ்பீக்கர் கூம்பின் விளிம்பிலுள்ள ஃபோம் உதிர்கிறதா, வொலியூம் குமிழைத் திருப்பும்போது கரகரக்கிறதா என்று பாருங்கள். கடற்கரையோர உப்புக்காற்று செருகிகளை அரிக்கும். ஜப்பான் நாட்டுப் பாவனைக்கெனத் தயாரித்த செட் 100 வோல்ட் மின்சாரத்துக்கானது. நமது 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் எரிந்துவிடும். அதற்கு டிரான்ஸ்போமர் தேவை.

பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். செட்டின் விலையையும் வயரின் பெருமையையும் சொல்லித் தொடங்காதீர்கள். பிள்ளையின் தொலைபேசியில் உள்ள அவர்களுக்குப் பிடித்த பாட்டை முதலில் போடுங்கள். நான் கொட்டாஞ்சேனையிலுள்ள என் மருமகனுக்கு அப்படித்தான் செய்தேன். அவன் கேட்டது ஒரு புதிய சினிமாப் பாட்டு. பின்னணியில் குரல் கொடுப்பவர்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று அவனே கை நீட்டிக் காட்டினான். அதற்குப் பிறகுதான் இளையராஜாவின் 1986 ஆம் ஆண்டு இசைத்தொகுப்பான 'ஹவ் டு நேம் இட்' டைப் போட்டேன். முழுவதும் கேட்டான்.

நடு இருக்கையில்தான் ஒலி சரியாக விழும். எங்கள் வீடுகளில் அந்த இருக்கை எப்போதும் செட்டின் சொந்தக்காரருக்கே. “தொடாதே” என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் பெட்டிமேல் எப்படி ஆசை வரும்? ஊசியை இசைத்தட்டில் வைக்க அவர்களுக்குப் பழக்குங்கள். ஒரு கீறல் விழலாம். யாரும் தொடாமல் இரும்புக் கடைக்குப் போவதைவிட அது பரவாயில்லை.