இலையின் மணமும் ஊட்டிய மணமும்: சுங்கான் புகையிலையை மதிப்பிடும் மரபில் 1842ஆம் ஆண்டு வரிச்சட்டத்தின் தாக்கம்

ஆய்வுச் சுருக்கம்

சுங்கானில் இட்டுப் புகைக்கும் புகையிலைக் கலவைகளை இரு பெரும் வகைகளாகப் பிரிப்பது வழக்கம். இலையின் இயல்பான சுவையை நம்பியவை ஒரு வகை. இனிப்பும் மணப்பொருளும் ஊட்டப்பெற்றவை மற்றொரு வகை. பின்னதைத் தாழ்ந்ததாகக் கருதும் போக்கு ஆங்கிலேயரின் சுவை மரபில் வேரூன்றியுள்ளது. அப்போக்கு நாவின் தேர்ச்சியால் மட்டும் விளைந்ததன்று. பிரித்தானிய அரசு தன் வரி வருவாயைக் காக்க இயற்றிய சட்டங்களே அதற்குப் பெரிதும் அடித்தளமிட்டன என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: சுங்கான், நறுமணப் புகையிலை, கலப்படம், சுங்கவரி, லட்டாக்கியா, பர்லி, வானிலின்

முன்னுரை

புகையிலையைப் பற்றிப் பேசுகையில் தமிழர் ‘காரம்’ என்ற சொல்லையே முதலில் எடுப்பர். வெற்றிலையோடு மெல்லுவதும் மூக்குப்பொடியாக உறிஞ்சுவதும் சுருட்டாகப் புகைப்பதுமே இங்குப் பரவலாக இருந்த பழக்கங்கள். சீனிச்சர்க்கரைப் புலவர் பாடிய புகையிலை விடுதூது, இவ்விலை தமிழ் இலக்கியத்திற்குள்ளும் இடம்பெற்றுவிட்டதைக் காட்டுகிறது. எனினும் சுங்கான் தமிழ்நிலத்தில் பொதுவழக்காக ஊன்றவில்லை. ஆகவே, வெண்ணிலா மணம் கமழும் சுங்கான் புகையிலை நல்லதா, இலையன்றி வேறொன்றும் சேராததே நல்லதா என்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நீண்டுவரும் வழக்கு தமிழ் வாசகருக்கு அயலானதாகத் தோன்றலாம். ஒரு சமூகத்தின் சுவையுணர்வு எவ்வாறு உருவாகிறது என்ற வினாவுக்கு அவ்வழக்கு தெளிவான சான்றாக நிற்பதால் அது ஆராயத்தக்கதாகிறது.

மதிப்பீட்டின் நிலைகள்

நறுமணக் கலவையொன்றை மதிப்பிடுவோர் அதனைப் பற்றவைக்கும் முன்பே பணியைத் தொடங்குகின்றனர். டப்பாவைத் திறந்தவுடன் எழும் மணம் முதற்சான்று. அடுத்து, விரலிடையே ஒரு சிட்டிகை எடுத்து அழுத்திப் பார்ப்பர். அழுத்தியது மெல்ல விரிந்து பழைய நிலைக்கு வருமாயின் ஈரம் அளவாக உள்ளது. உருண்டையாகவே நின்றுவிடுமாயின் ஈரம் மிகுதி. பின்னர்ச் சுங்கானின் கிண்ணத்தில் அடியில் தளர்வாகவும் மேலே சற்று இறுக்கமாகவும் நிரப்பி, ஒருமுறை பற்றவைத்து, மேலெழும் இலையை அமுக்கி, மீண்டும் பற்றவைப்பர். கிண்ணத்தை மூன்று பங்காகக் கொண்டு, முதற்பங்கிலும் நடுப்பங்கிலும் இறுதிப்பங்கிலும் சுவை எவ்வாறு மாறுகிறது என்பதைத் தனித்தனியே நோக்குவர்.

சுங்கான் புகையை நெஞ்சுக்குள் இழுப்பது வழக்கமன்று. வாயில் நிறுத்தி, அதில் ஒரு சிறுபகுதியை மூக்கின் வழியே வெளியேற்றுவர். நாக்கு அறிவது இனிப்பு, கசப்பு, புளிப்பு முதலிய சிலவற்றையே. மற்ற நுட்பங்களையெல்லாம் தொண்டையின் பின்புறமாக மூக்குக்கு ஏறும் ஆவியே தெரிவிக்கிறது. தேர்ந்த மதிப்பீட்டாளர் மூக்கின் வழிப் புகைவிடுவதைத் தவறாமல் செய்வது இக்காரணத்தாலேயே.

இவற்றிற்கு அப்பால் மூன்றாவது ஒரு மணம் உண்டு. அது புகைப்பவருக்குரியதன்று, அதே அறையில் இருக்கும் மற்றவருக்குரியது. நறுமணக் கலவைகளில் டப்பாவின் மணமும் அறையின் மணமும் இனிமையாக இருக்க, புகைப்பவரின் வாயிலோ சூடான வெற்றாவியே எஞ்சுவது உண்டு. மணத்தால் அளித்த வாக்கைச் சுவையால் காப்பாற்றாத கலவை என்பதே இவ்வகை மீது சொல்லப்படும் முதன்மைக் குற்றச்சாட்டு. அதில் உண்மை இருக்கிறது. மேலே தெளிக்கப்படும் மணப்பொருள்கள் எளிதில் ஆவியாகுபவை. கிண்ணத்தின் நடுப்பகுதியைத் தீ எட்டுமுன்பே அவற்றில் பெரும்பங்கு அகன்றுவிடுகிறது. ஈரத்தைக் காக்கச் சேர்க்கப்படும் புரோப்பிலீன் கிளைக்கால் இலை உலர்வதைத் தடுப்பதால், அடிக்கடி பற்றவைத்து வேகமாக இழுக்க நேர்கிறது. அதனால் எழும் நீராவி நாக்கைச் சுடுகிறது. இதனை ‘நாக்குக் கடி’ எனலாம்.

ஆயினும் குற்றச்சாட்டு இத்துடன் நிற்பதில்லை. மணம் ஊட்டுவதே ஒருவகை ஏமாற்று, தூய இலையே நேர்மையானது என்ற அறச்சாயலையும் அது ஏற்கிறது. இவ்வறச்சாயலின் பிறப்பிடத்தைச் சுவையின் வரலாற்றைவிட வரியின் வரலாற்றில் தேடுவதே பொருத்தம்.

இனிப்பும் எடையும்

சுவைக்காக இலையை மாற்றுவது புகையிலை வணிகத்தின் தொடக்கத்திலேயே நிகழ்ந்தது. வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுன் குடியேற்றத்தில் அங்கு முன்பே விளைந்த புகையிலை ஐரோப்பியர் நாவுக்குக் கடுமையாக இருந்தது. ஜான் ரால்ஃப் 1612ஆம் ஆண்டளவில் ஸ்பானியர் ஆட்சிப்பகுதியிலிருந்து வந்த இனிய வகையின் விதைகளை அங்குப் பயிரிட்டார். அக்குடியேற்றம் பிழைத்தெழுந்ததற்கு அவ்விலைக்கு லண்டன் சந்தையில் கிடைத்த வரவேற்பு ஒரு முதன்மைக் காரணம்.

இங்கிலாந்துக்குள் புகையிலை பயிரிடுவது 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே தடைசெய்யப்பட்டது. இலை முழுவதும் கப்பலில் வந்தாக வேண்டும்; துறைமுகத்திலேயே எடையிட்டு வரி வாங்கிவிடலாம். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவ்வரி ராத்தலுக்கு 3 ஷில்லிங் அளவில் இருந்தது. இலையின் அடக்கவிலையைவிட அது பலமடங்கு மிகுதி. இந்நிலையில் சர்க்கரைப்பாகு வெறும் சுவைப்பொருளாக இருக்க இயலாது. நூறு ராத்தல் இலைக்கு 300 ஷில்லிங் வரி கட்டிய ஆலைக்காரர் அதில் பத்து ராத்தல் பாகைச் சேர்த்தால், நூற்றுப்பத்து ராத்தல் புகையிலையை விற்கிறார். அரசுக்கு 30 ஷில்லிங் இழப்பு. நேர்மையாக வணிகம் செய்த போட்டியாளருக்கும் அதே அளவு பாதகம். சுவையூட்டல் என்பதும் எடையூட்டல் என்பதும் சட்டத்தின் பார்வையில் பிரிக்கவியலாதவை ஆயின.

1840இல் நாடாளுமன்றம் ஆலைகள் மீதான கண்காணிப்பைத் தளர்த்தியது. பாகும் அதிமதுரமும் அயல் இலைகளும் பெருமளவில் புகுந்தன. இரண்டே ஆண்டுகளில் அரசு தன் முடிவை மாற்றிக்கொண்டு, 1842ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டத்தின் மூலம் கலப்படத்தைக் கடுமையாகத் தடுத்தது. அச்சட்டத்தை நடைமுறைப்படுத்துவதற்கென்றே எக்சைஸ் வாரியம் லண்டனில் ஓர் ஆய்வுக்கூடத்தை நிறுவி, ஜார்ஜ் பிலிப்ஸ் என்பவரை அதன் பொறுப்பில் அமர்த்தியது. நுண்ணோக்கியும் வேதிச்சோதனையும் அங்குப் புகையிலையின் தூய்மைக்குச் சாட்சி கூறின. பின்னாளில் உணவு, மருந்து, குடிநீர் எனப் பலவற்றையும் ஆராய்ந்த பிரித்தானிய அரசு வேதியியல் ஆய்வுக்கூடம் இவ்வித்திலிருந்தே முளைத்தது. மக்களின் நலம் காக்கும் அறிவியல் நிறுவனமொன்று புகையிலை வரியைக் காக்கப் பிறந்தது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. அந்த ஆய்வுக்கூடம் புகையிலை நன்றாக இருக்கிறதா என்று ஒருபோதும் கேட்கவில்லை. அதில் இலையைத் தவிர வேறென்ன இருக்கிறது என்று மட்டுமே கேட்டது. காலப்போக்கில் சுவைஞரும் அதே கேள்வியைக் கேட்கப் பழகிக்கொண்டனர்.

எடைதான் சட்டத்தின் கவலை என்பதற்குப் பிற்கால விலக்குகளே சான்று. 1863ஆம் ஆண்டுச் சட்டம் இனிப்பூட்டிய கேவண்டிஷ் புகையிலையை அரசின் பூட்டுக்குட்பட்ட கிடங்குகளில் உற்பத்தி செய்ய இசைந்தது. அங்குப் பாகு சேர்ந்தபின் முழு எடைக்கும் வரி வாங்க முடிந்தமையால் இனிப்பு குற்றமாகத் தெரியவில்லை. மிகச் சிறு அளவில் நறுமண எண்ணெய் சேர்ப்பதும் பின்னர் அனுமதிக்கப்பட்டது. சில துளி எண்ணெய் தராசை அசைப்பதில்லை. வட இங்கிலாந்தின் கெண்டல் நகரத்துப் புகையிலைகள் இன்றும் ரோஜாவும் ஜெரேனியமும் கலந்தாற்போன்ற மலர்மணத்துக்குப் பெயர்பெற்றவை. தூய இலையின் நாடாகப் பேசப்படும் இங்கிலாந்திலேயே இத்தகைய மணமூட்டல் நிலைத்திருந்ததைத் தூய்மைவாதிகள் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

இலையால் இலைக்கு மணம்

பாகு தடைப்பட்ட ஆலைகள் மணத்தைக் கைவிடவில்லை. மணமுள்ள இலைகளைத் தேடின. சிரியாவின் லட்டாக்கியா துறைமுகத்தின் பெயர் பெற்ற இலை இவற்றுள் தலையாயது. அறுத்த இலையைக் கூரைக்கடியில் தொங்கவிட்டு, கருவாலி, ஊசியிலை மரம் முதலியவற்றை எரித்து நெடுநாள் புகையூட்டுவர். இலை கரியநிறமும் கற்பூரமும் தோலும் கலந்தாற்போன்ற மணமும் பெறுகிறது. பின்னர்ச் சைப்ரஸ் தீவிலும் இம்முறை வேரூன்றியது. அமெரிக்காவின் லூசியானாவில் செயின்ட் ஜேம்ஸ் வட்டாரத்தில் விளையும் பெரிக் வேறு வழியில் மணம் பெறுகிறது. பீப்பாயில் இலையைக் கடுமையாக அழுத்தி, அதன் சொந்தச் சாற்றிலேயே மாதக்கணக்கில் நொதிக்கவிடுவர். உலர்பழத்தின் புளிப்பும் மிளகின் உறைப்பும் அதில் தோன்றும். இவற்றை வர்ஜீனியா இலையோடும் துருக்கிய இலையோடும் கலந்ததே ‘ஆங்கிலக் கலவை’ எனப் புகழ்பெற்றது. ஜே. எம். பேரி 1890இல் வெளியிட்ட ‘மை லேடி நிக்கோட்டின்’ என்னும் நூலில் ஆர்கேடியா என்ற கற்பனைப் பெயரில் ஒரு கலவையைக் கொண்டாடினார். அது கரேராஸ் நிறுவனத்தின் கிரேவன் கலவையே எனப் பின்னர் விளம்பரப்படுத்தப்பட்டது. சட்டம் விட்டுவைத்த இடத்தில் வளர்ந்த கலை, இவ்வாறு இலக்கியத் தகுதியும் பெற்றது.

புகையால் மணமேற்றும் முறை தமிழருக்கும் புதிதன்று. யாழ்ப்பாணத்தில் தேங்காய் மட்டையின் புகையில் பாடம்செய்த புகையிலை திருவிதாங்கூர்ச் சந்தையில் நெடுங்காலம் விரும்பப்பட்டது. அங்கேயே சுருட்டுத் தொழிலில் இலைக்கு ஊட்டும் பாணிக்குக் ‘கோடா’ என்று பெயர். புகையும் பாணியும் ஒரே மண்ணில் பகையின்றி வாழ்ந்தன.

பர்லியும் வானிலினும்

அட்லாண்டிக்கின் மறுகரையில் நிலைமை வேறு. வர்ஜீனியா இலையைச் சூடான காற்றில் ஏறத்தாழ ஒரு வாரத்தில் உலர்த்துவதால் அதன் சர்க்கரை அழியாமல் நின்றுவிடுகிறது. பர்லி இலையோ நிழலில், காற்றோட்டத்தில், பல வாரங்கள் உலர்கிறது; அதற்குள் இலையின் உயிர்ச்செயல் சர்க்கரையை அனேகமாகத் தின்றுவிடுகிறது. விளைவு, கொட்டையின் வறண்ட சுவையும் நல்ல காரமும் கொண்ட, ஆனால் இனிப்பற்ற, நுண்துளைகள் மிகுந்த இலை. 1864இல் ஒஹையோ மாநிலத்தின் பிரௌன் வட்டாரத்தில் ஜார்ஜ் வெப் என்பவர் வளர்த்த பயிரில் வெளிறிய நாற்றுகள் தென்பட்டன. அவற்றிலிருந்து பரவிய வெள்ளைப் பர்லி, பாகைப் பஞ்சுபோல் உறிஞ்சும் தன்மையால் அமெரிக்க ஆலைகளின் விருப்பத்துக்குரியதாயிற்று. அதற்கு அதிமதுரமும் கொக்கோவும் ரம்மும் ஊட்டுவது ஏமாற்றன்று; இலையின் குறையை நிறைவு செய்வது. ரெனால்ட்ஸ் நிறுவனம் 1907இல் சந்தைக்குக் கொணர்ந்த ‘பிரின்ஸ் ஆல்பர்ட்’ பர்லியின் வெற்றிக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

வேதியியல் இதனை வேறு திசையில் தள்ளியது. டோங்கா விதையின் மணத்துக்குக் காரணமான கூமரினை வில்லியம் ஹென்றி பெர்கின் 1868இல் செயற்கையாக உருவாக்கினார். 1874இல் டீமானும் ஹார்மானும் வானிலினைச் செயற்கையில் பெற்றனர். அதுவரை அரிய பொருளாயிருந்த வெண்ணிலா மணம் மலிவாயிற்று. ஊறவைக்கும் பாகு இலையோடு ஒன்றிவிடுவது. கடைசியில் தெளிக்கும் வானிலின் மேலேயே நிற்பது. இவ்விரண்டையும் வேறுபடுத்தாமல் ‘நறுமணக் கலவை’ என ஒரே பெயரிட்டு அழைப்பதே மதிப்பீட்டில் குழப்பம் விளைக்கிறது. நாக்கைச் சுடும் மலிவான கலவை மீதான நியாயமான குறை, நன்கு ஊறிப் பக்குவப்பட்ட பர்லியின் மீதும் விழுந்துவிடுகிறது. கூமரின் கல்லீரலுக்குத் தீங்கு செய்யலாம் என்ற ஐயத்தால் 1954இல் அமெரிக்கா அதனை உணவில் தடைசெய்தது. அத்தடை புகையிலையைத் தொடவில்லை.

இன்றைய சட்டமும் மூக்கும்

மணம் இப்போது மீண்டும் சட்டத்தின் முன் நிறுத்தப்பட்டுள்ளது. இம்முறை வழக்கு வரியைப் பற்றியதன்று. இனிய மணம் புகையின் நஞ்சைக் குறைப்பதில்லை. அதன் கடுமையை மறைத்து, இளையோரைப் பழக்கத்துக்குள் ஈர்க்கிறது என்பதே இன்றைய கவலை. 2009ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் மெந்தால் நீங்கலான மணமூட்டிய சிகரெட்டுகளைத் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் பிறப்பித்த ஆணை, தனித்துத் தெரியும் மணமுடைய சிகரெட்டையும் கையால் சுருட்டும் புகையிலையையும் விலக்கியது. சுங்கான் புகையிலைக்கு இரண்டு சட்டங்களிலும் அத்தடை இல்லை. முதியோரின் பழக்கம் என்ற எண்ணம் அதற்கு அரணாக நிற்கிறது.

‘தனித்துத் தெரியும் மணம்’ எது என்பதை எவ்வாறு முடிவுசெய்வது? நுண்ணோக்கியால் அதற்கு விடையளிக்க இயலாது. 2016இல் ஐரோப்பிய ஆணையம் அதற்கென ஆலோசனைக் குழுவொன்றை அமைத்து, பயிற்சிபெற்ற முகர்வோரை அதற்குத் துணையாக்கியது. அவர்கள் ஐயத்துக்குரிய புகையிலையை, ஒப்பீட்டுக்கென வைத்த பிற புகையிலைகளோடு பக்கத்தில் வைத்து முகர்ந்து பார்க்கின்றனர். பற்றவைப்பதில்லை.